கேபிள் வரை சரி, காற்றில்தான் கோளாறு

திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் கேட்டாலும் புகார் இரண்டே சொல்லில் வரும்: "நெட் வரலை." கேபிள்காரருக்குப் போன் போட்டால் பதிலும் அதே வேகத்தில் வரும்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா." பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடும்; மறுபடியும் வட்டம் சுற்றும். பிறகு லைன் பார்க்கும் தம்பி வருவார். டிவி ஸ்டாண்டில் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று தன் போனில் வேகத்தை அளப்பார். கட்டிய காசுக்கு உரிய வேகம் முழுசாக வரும். "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் வண்டியை எடுப்பதற்குள் பின்கட்டு அறையில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு உறைந்து நிற்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சொல்வது வேறொரு பாதையைப் பற்றி, தம்பி பார்த்துவிட்டுப் போனது வேறொரு பாதையை. தெருவிலிருந்து பெட்டி வரை கேபிள் ஒரு பாதை; பெட்டியிலிருந்து போன் வரை காற்று இன்னொரு பாதை. "நெட்" என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். ஃபைபர் வந்தபின் முதல் பாதை எவ்வளவோ தேறிவிட்டது. இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் நாம் திரும்பத் திரும்ப முதல் பாதையைத்தான் ரிப்பேர் செய்யச் சொல்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 0451 என்ற தொலைபேசிக் குறியீட்டு எண்ணுக்குப் பின்னால் செம்புக் கம்பி ஓடிய காலத்தில் பழியெல்லாம் லைன்மீது விழுந்தது நியாயமே. 2005இல் பி.எஸ்.என்.எல். அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியபோது அது தொலைபேசிக் கம்பியின் மேலேயே ஏறி வந்தது. எக்சேஞ்சிலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் இறங்கும். மழை பெய்து தெருப்பெட்டியில் ஈரம் இறங்கினால் இணைப்பு விட்டு விட்டு வரும். 198க்குப் போன் செய்து புகார் பதிவதும் லைன்மேனுக்காகக் காத்திருப்பதும் அன்றைய வாடிக்கை. கண்ணாடி இழையோ வேறு சாதி. அதில் போவது மின்சாரம் அல்ல, ஒளி. ஈரமோ, பக்கத்து மின்கம்பியின் இரைச்சலோ அதைத் தொடாது. இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாகப் பயன்படும் ஜி-பான் முறையில், ஒரே இழை வினாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட்டைக் கீழே இறக்கி, வழியில் உள்ள ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்கூட வேண்டாம். ஃபைபரும் கெடத்தான் செய்யும். சாலை தோண்டும் ஜே.சி.பி. அறுக்கும், மரக்கிளை இழுக்கும். ஆனால் கெட்டால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் இணைப்பு நிற்கும். ஹாலில் ஓடுகிறது, மாடியில் ஓடவில்லை என்று ஆள் பார்த்து அறை பார்த்துக் கெடும் குணம் ஒளியிழைக்குக் கிடையாது.

அந்தக் குணம் காற்றுக்கு உண்டு. செம்புக் கம்பியில் அகன்ற அலைவரிசை வந்த அதே 2005ஆம் ஆண்டு ஜனவரியில்தான் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு வைஃபை இருப்பதற்கு அடிப்படை அந்த முடிவு. இலவசமாகத் திறந்த இடத்தில் கூட்டம் கூடாமல் இருக்குமா? அந்த அலைவரிசையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கக்கூடிய சேனல்கள் மூன்றே: 1, 6, 11. புளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட இதே இடத்தில்தான் புழங்குகின்றன. நாகல் நகர், பேகம்பூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் போனை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்தால் நம் வீட்டுப் பெயருக்கு மேலும் கீழும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசை கட்டும். அவை அத்தனையும் அந்த மூன்று சேனலுக்குள்தான் அடங்க வேண்டும்.

வைஃபையின் விதியே ஒரே மைக்கை வைத்து நடக்கும் ஊர்க்கூட்டத்தின் விதிதான்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்டு, காலியாக இருந்தால் மட்டுமே பேசும். பக்கத்து வீட்டுப் பெட்டி நம்முடைய அதே சேனலில் இருந்தால், அதுவும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். வேகம் குறையும், இணைப்பு அறாது. 'கூட்டம் இல்லாத இடம்' என்று எண்ணி 3ஆம் சேனலையோ 4ஆம் சேனலையோ தேர்ந்தெடுத்தால் நிலைமை மோசமாகும். பாதி மேலேறி நிற்கும் அலை மற்றவர்களுக்குப் பேச்சாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும். இரைச்சலுக்கு யாரும் முறை விடுவதில்லை. இந்தக் கூட்டத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் ஒரு கட்டுரையில் அதை எடுத்துக் காட்டினார்கள். தூரத்தில், சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் ஒரே ஒரு கருவி மெதுவாகப் பேசினால், பெட்டிக்கு அருகே இருக்கும் வேகமான கருவிகளும் ஏறக்குறைய அதன் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. எல்லோருக்கும் பேசச் சமமான முறை உண்டு, ஆனால் திக்கித் திக்கிப் பேசுகிறவர் ஒரு முறைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். மொட்டைமாடியில் வெகுகாலமாகத் தொங்கும் ஒரு பழைய கேமரா ஹாலில் ஓடும் படத்தை எப்படி நிறுத்துகிறது என்பதற்கு இதுவே விடை. அந்தக் கேமராவை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதுதான் வேதனை.

இனி வீட்டைப் பார்ப்போம். ஈபி போஸ்டிலிருந்து தொங்கி வரும் ஃபைபர், தெருப்பக்க ஜன்னல் ஓரமாகத் துளைபோட்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்திலேயே டிவி இருப்பதால், பெட்டியும் அங்கேயே, பெரும்பாலும் டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. நம் ஊர் வீடுகள் பல குறுகிய முகப்போடு உள்ளே நீளமாகப் போகிறவை. முன்வாசலில் இருக்கும் பெட்டியின் அலைகளில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி பாதி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பின்கட்டு வரை போக வேண்டும். மாடிக்கு என்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்ட வேண்டும். வழியில் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ நின்றால் அதன் நிழலில் சிக்னல் படுத்துவிடும். இரும்பு இந்த அலைகளை ஊடுருவ விடாது. போன்களில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் செயலிகள் சிக்னலை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். பெட்டிக்கு அருகே −40 இருக்கும். −65 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும். −75க்குக் கீழே போனால் தொந்தரவு ஆரம்பம். இந்த அளவில் ஒவ்வொரு பத்தும் பத்தில் ஒரு பங்காகக் குறைவதைக் குறிக்கிறது. −50க்கும் −70க்கும் இடையே இருப்பது நூறு மடங்கு வித்தியாசம். பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஹாலின் உட்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினால் இந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்று ஒருவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத வைத்தியம் இது.

பலர் செய்வது என்னவென்றால், பெட்டியை நகர்த்தாமல் பிளானை ஏற்றுகிறார்கள். 50இல் இருந்து 100க்கு, 100இல் இருந்து 200க்கு. வாசலில் தண்ணீர் வேகம் கூடினால் பின்கட்டுக் குழாயிலும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சேவையோடு சேர்த்துத் தரப்படும் பெட்டிகளில் 2.4 மட்டுமே உள்ளவை இன்னும் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ஆண்டெனா வேலை செய்யும் பழைய போன் ஒன்று, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அந்தப் பெட்டியோடு பேசக்கூடிய அதிகபட்ச வேகம் ஏட்டில் 72 மெகாபிட். முறை விடுவதிலும் சரிபார்ப்பதிலும் போனது போக, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றால்கூடக் கையில் கிடைப்பது ஏறத்தாழ 40, 50தான். வாசலில் 200 வந்தாலும் அந்தப் போனுக்கு அது தெரியப்போவதில்லை. மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் பணம் 2.4, 5 என இரண்டு அலைவரிசைப் பட்டை உள்ள பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2018இல் மத்திய அரசு மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது, பழைய 83.5உடன் ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கும் மேல். சுவரை ஊடுருவுவதில் 5 கொஞ்சம் சோடைதான். ஆனால் நெருக்கமான தெருவில் அந்தக் குறையே நன்மை: பக்கத்து வீட்டு அலையும் நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது.

சரி, கோளாறு காற்றிலா கேபிளிலா என்று எப்படிப் பிரிப்பது? 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரல் இன்னும் அதற்குப் போதும். அது ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று எண்ணிச் சொல்லும். கோளாறு நடக்கும் அறையில், கோளாறு நடக்கும் நேரத்தில் உட்கார்ந்து இரண்டு இடத்துக்கு பிங் செய்ய வேண்டும். ஒன்று வீட்டுப் பெட்டியின் முகவரி. பல பெட்டிகளில் 192.168.1.1, இல்லையென்றால் பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டிய சீட்டில் இருக்கும். இன்னொன்று வெளியே, உதாரணத்துக்கு 8.8.8.8. பெட்டிக்குப் போன பிங் 2, 3, 2, 4 என்று வந்துகொண்டே இருந்து திடீரென 380 என்று குதித்து, அடுத்தது பதிலே இல்லாமல் போனால், அந்தச் செய்தி வாசலைத் தாண்டவே இல்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கோளாறு பத்துப் பதினைந்து அடிக் காற்றில் இருக்கிறது. பெட்டிக்குப் போனது சீராக இருந்து வெளியே போனது மட்டும் தடுமாறினால் கோளாறு வெளியே. சந்தேகம் தீர, ஒரு லேன் கேபிளால் கம்ப்யூட்டரை நேரே பெட்டியில் செருகி மறுபடி பார்க்கலாம். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை இது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: இதைச் செய்வதற்கு முன் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யக் கூடாது. ஆஃப் செய்தால் பெட்டி தன் நினைவைக் கழுவிக்கொள்கிறது, புதிதாகச் சேனல் தேடுகிறது, சூடு ஆறுகிறது, கருவிகள் எல்லாம் புதிதாகச் சேர்கின்றன. நான்கில் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். சுகம் தற்காலிகம், அழிந்த தடயம் நிரந்தரம்.

எந்த அறை என்று கேட்பதைப் போலவே எந்த நேரம் என்று கேட்பதும் முக்கியம். வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்றொரு சிற்றூர். அங்கே 18 மாதங்கள், தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் சுருண்டு விழுந்தது. ஓபன்ரீச் நிறுவனத்தார் பலமுறை வந்து சோதித்தார்கள். பெரும்பகுதிக் கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள். பலன் இல்லை. கடைசியில் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு விடியற்காலை ஆறு மணிக்கு மழையில் ஊருக்குள் நடந்தார்கள். ஏழு அடித்ததும் கருவி துள்ளியது. பின்தொடர்ந்து போனால், ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சி. அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்து அதைப் போட்டதும் அது கக்கிய மின் இரைச்சல் ஊர் இணையத்தையே கெடுத்திருந்தது. 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி வெளியானது. அங்கே இருந்தது செம்புக் கம்பி. நம் ஃபைபரை ஒரு டிவி இப்படிக் கெடுக்க முடியாது. ஆனால் ஒன்றரை வருடம் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்காத விடை, 'ஏழு மணி' என்ற ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு ஒரே காலையில் கிடைத்தது.

நம் ஊருக்கும் அப்படிப்பட்ட நேரங்கள் உண்டு. இரவு எட்டிலிருந்து பத்தரை வரை மட்டும் எல்லா அறையிலும், லேன் கேபிளிலும்கூட மந்தம் என்றால் அது ஆபரேட்டர் வெளி இணையத்தோடு இணையும் மேல்வழியில் நெரிசல். ஆடி மாதத்தில் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் காற்று வீசும் நாட்களில் மட்டும் விட்டு விட்டு வந்தால், போஸ்டுக்குப் போஸ்ட் ஆடும் கேபிளின் ஜாயின்ட்டையோ, கூர்மையாக மடங்கிய வளைவையோ சந்தேகிக்கலாம். கண்ணாடி இழையை ஓர் அளவுக்கு மேல் மடக்கினால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். மின்தடை வந்ததும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் நின்றால், தெருவில் எங்கோ கரண்டை நம்பி ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறது என்று பொருள். சித்திரை வெயிலில் மதியம் தானாக அணைந்து எரிந்தால் சூடு. எந்த நேரம் என்றே சொல்ல முடியாமல் அணைந்து எரிந்தால், பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடாப்டர் மலிவான பொருள், அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய இரவில் வீடியோ அழைப்பு உடைந்தால், யாரோ ஒருவரின் போன் ஆயிரம் போட்டோக்களைப் பின்னணியில் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வழி நிரம்பினால் பெட்டிக்குள் வரிசை நீளும், இறக்கும் வழி காலியாக இருந்தும் பயன்படாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். காசு வாங்குகிறவர் ஆபரேட்டர், பெட்டி கொடுத்தவரும் அவர். வேடசந்தூரில் மில் வேலை முடித்து வந்தவரோ, சின்னாளபட்டியில் தறியை விட்டு எழுந்தவரோ ஏன் பிங் பார்க்க வேண்டும்? மேலும், "உங்க வைஃபைதான் சரியில்லை" என்பது தன் மேல்வழியைக் குறுக்கி வைத்திருக்கும் ஆபரேட்டருக்கு வசதியான சாக்காக ஆகிவிடாதா? ஆகும். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். லேன் கேபிளில் செருகி, நாலைந்து நாள் ஒரே நேரத்தில் பார்த்த எண்களைத் தேதியோடு குறித்து வைத்திருப்பவரிடம் அந்தச் சாக்கு செல்லாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டுக் குறைதீர்ப்பு விதிகளின்படி, பதிந்த புகாருக்கு எண் கொடுக்க வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். "நெட் சரியில்லை" என்று எழுதிய மனுவும், "லேனில் இரவு 9 மணிக்கு இவ்வளவு, காலை 6 மணிக்கு இவ்வளவு" என்று எழுதிய மனுவும் ஒன்றல்ல. மறுப்பின் முதல் பாதியையோ முழுமனதாக ஏற்கிறேன். இணைப்பு கொடுக்க வரும் நாளில் ஜன்னல் ஓரத்திலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போகாமல், இன்னும் சில மீட்டர் இழையை இழுத்து வீட்டின் நடுவில் மாட்டிக் கொடுப்பதும், கடைசி அறை வரை போனைக் கையில் பிடித்து நடந்து காட்டுவதும் ஆபரேட்டரின் கடமையாக வேண்டும். இரண்டு முறை வந்து போகும் பெட்ரோல் செலவைவிட அந்தச் சில மீட்டர் இழை அதிகமாகாது.

இதெல்லாம் எதற்கு, 5ஜி வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. 2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் கொண்டுவந்த 'ஏர்ஃபைபர்' சேவைகள் தெருக் கேபிளை ஒழிக்கின்றன என்பது உண்மை. ஆனால் மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து இறங்கும் ஒயரும் கடைசியில் வீட்டுக்குள் ஒரு வைஃபை பெட்டியில்தான் முடிகிறது. அதே சுவர், அதே பீரோ. கடையில் ரிப்பீட்டர் வாங்கி மாட்டுகிறவர்களும் ஏமாறுவது இதனால்தான். சிக்னல் செத்துப்போன அறையில் ரிப்பீட்டரை வைத்தால், அது செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் திரும்பக் கொடுப்பது என்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். வேறு வழியில்லாத வாடகை வீட்டுக்காரர் அதை, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்டினால் ஓரளவு பலன் உண்டு.

உறுதியான தீர்வு ஒயர்தான். பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை மாடிக்கோ பின்கட்டுக்கோ இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்து, முன் பெட்டிக்கு 1ஆம் சேனல் என்றால் இதற்கு 11 என்று வைத்துவிட்டால் அந்த வீட்டில் சண்டை தீர்ந்தது. லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். ஆத்தூர்ப் பக்கத் தோட்ட வீடுகளில் முன்வாசலிலிருந்து மோட்டார் ரூம் வரைகூடப் பெரும்பாலும் இது போதும். டிவி, கேமரா, கம்ப்யூட்டர் என்று நகராத பொருள்களையெல்லாம் ஒயரில் கட்டிவிட்டால் காற்று போன்களுக்கு மட்டும் மிஞ்சும். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்க மனம் வராது என்பது தெரியும். தாடிக்கொம்பு ரோட்டிலும் நத்தம் ரோட்டிலும் இப்போது அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. தளத்துக்குக் கம்பி கட்டி, எலக்ட்ரீஷியன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் குழாய் பதிக்கும் அன்று, தெருப்பக்கச் சுவரிலிருந்து வீட்டின் நடு ஹாலுக்கு ஒன்று, அங்கிருந்து மாடிக்கு ஒன்று என்று இரண்டு வெற்றுக் குழாயைச் சேர்த்துப் பதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க அவர் கேட்டால் சம்மதிக்காதீர்கள். தனிக் குழாயாகவே இருக்கட்டும், உள்ளே இழுகம்பி ஒன்றையும் விட்டு வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்டபின் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.